கொதிக்காத சுண்ணாம்பு

மதினிக்குக் கோபம் வந்தால் முதலில் கண்ணாடியைக் கழற்றுவாள். சேலைக்கு மேலே போட்டிருக்கும் ஆம்பிளைச் சட்டையின் நுனியால் அதைத் துடைப்பாள். துடைத்து முடிக்கிறவரை வாய் திறக்கமாட்டாள். அந்த அரை நிமிஷத்துக்குள் ஓடிவிட்டால் பிழைத்தோம். கண்ணாடி திரும்ப மூக்கில் ஏறிவிட்டதென்றால், எதிரில் நிற்பது தோட்டத்து மேனேஜரானாலும் சரி, அவள் கட்டிய புருஷனானாலும் சரி, வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

சொந்த மதினி இல்லை. கம்பம்மெட்டைத் தாண்டி மலையாளத்துப் பக்கம் இருக்கிற ஒரு ஏலத்தோட்டத்தில், வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட ஒரே லயத்தில், நடுவில் ஒற்றைச் சுவரை வைத்துக்கொண்டு குடியிருந்தோம். அவள் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிட்டேன். அதனால் அவள் மதினி. அவர் ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் வேலை பார்த்தார்; பேசாத மனுஷன். வீட்டுப் பேச்சு மொத்தத்தையும் மதினியே பேசிவிடுவாள். பேரை எழுதமாட்டேன். அவள் பேரை வைத்து இந்த மலையில் எல்லாரும் பேசி முடித்தாயிற்று.

தோட்டத்தில் அவளுக்கு மருந்து கலக்குகிற வேலை. மழைக்கு முன்னால் ஏலச்செடிக்கு அழுகல் நோய் வராமலிருக்கத் துரிசும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பார்கள். துரிசு என்பது இங்கே மலையாளத்துப் பேச்சு, கீழே நம்ம ஊரில் மயில்துத்தம் என்பார்கள். உடைத்த கண்ணாடி மாதிரி நீல நீலமாக இருக்கும். ஒரு டிரம்மில் துரிசுத் தண்ணீர், இன்னொரு டிரம்மில் சுண்ணாம்புத் தண்ணீர். துரிசைச் சுண்ணாம்பில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்ட வேண்டும். மாற்றி ஊற்றினால் மருந்து திரிந்துவிடும். எல்லாம் கலந்து வானத்து நிறம் வந்த பிறகு, தீட்டி வைத்த அரிவாளை உள்ளே விட்டு நூறுவரை எண்ணுவாள். வெளியே எடுக்கும்போது அரிவாள் விட்டது விட்டபடி இருந்தால் மருந்து சரி. செம்பு நிறம் ஏறியிருந்தால் சுண்ணாம்பு பத்தவில்லை, அந்த மருந்து செடியைச் சுட்டுவிடும் என்று அர்த்தம்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். அவளுக்குக் கையாளாக இருந்தேன். தண்ணீர் சுமப்பேன், கிண்டுவேன். ஒருநாள் வாய் சும்மா இருக்காமல், "தினமும் ஒரே அளவுதானே மதினி, எதுக்குத் தினமும் அரிவாளை முக்கணும்?" என்று கேட்டுவிட்டேன்.

கண்ணாடி கழன்றது. துடைத்தாள். மாட்டினாள்.

"நேத்து உங்க வீட்டுச் சோறு குழையாம வந்துச்சுன்னு இன்னிக்குப் பதம் பாக்காம வடிப்பியா?"

"பாப்பேன்."

"அப்புறம்? சோத்துக்கு இருக்கிற மரியாதை இதுக்கு இல்லையா? ஆளைக் கேக்காதடி. சூப்பர்வைசர் சொன்னாரு, மூட்டையில எழுதியிருக்கு, நேத்துச் சரியா இருந்துச்சு, இதெல்லாம் ஆளு சொல்றது. பொருளைக் கேளு. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

இதுதான் அவள். எதையும் அதனிடமே கேட்டுப் பார்க்காமல் நம்பமாட்டாள். கேட்டுப் பார்க்காமல் பேசுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. உலகத்தில் பாதிப்பேர் அப்படித்தான் என்பதால் பாதி நாள் கோபத்திலேயே இருந்தாள்.

கீழே ஒரு காலேஜில் கெமிஸ்ட்ரி படித்து பி.எஸ்சி. முடித்தவள். கல்யாணமாகி மலையேறி வந்தாள். இந்தப் பக்கம் வேலை கேட்டால் மலையாளம் எழுதத் தெரியுமா என்றார்கள். அந்தப் பக்கம் கேட்டால் உன் ரேஷன் கார்டு கேரளாவில் அல்லவா இருக்கிறது என்றார்கள். "செக்போஸ்ட்ல லாரியை நிறுத்துற மாதிரி ரெண்டு பக்கமும் என்னைய நிறுத்திட்டாங்கடி" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள். கேட்கிற எனக்குத்தான் வயிறு எரியும்.

ஒருதடவை மருந்து அடிக்கிற ஆள் ஒருத்தர், பிளாஸ்டிக் வாளி உடைந்துவிட்டதென்று தகர வாளியில் துரிசுத் தண்ணீரை மொண்டார். மதினி ஓடிப்போய் வாளியைப் பிடுங்கிக் கவிழ்த்தாள்.

"ஏன்க்கா, வாளின்னா வாளிதானே?" என்றார் அவர்.

"வாளி இல்லைண்ணே, இரும்பு. இரும்புக்குக் கையில இருக்கிறதைக் கெட்டியாப் பிடிச்சுக்கத் தெரியாது. துரிசுக்குள்ள இருக்கிற செம்பு ரெண்டு எலக்ட்ரானைப் பறிகுடுத்துட்டு வெறுங்கையோட நிக்கிறான். இரும்பைப் பாத்ததும் அந்த ரெண்டைப் பிடுங்கிக்கிட்டு அவன் செம்பா உக்காந்துக்குவான். இரும்பு கரைஞ்சு தண்ணியோட போயிரும். ஒம்ம வாளியும் ஓட்டை, என் மருந்தும் குப்பை."

"இரும்பு அம்புட்டு ஏமாளியாக்கா?"

"ஒம்ம அளவுக்கு இல்லை."

லயமே சிரித்தது. அந்த ஆளும் சிரித்தார். மறுநாள் வேறெங்கோ தேடி ஒரு பிளாஸ்டிக் வாளி கொண்டுவந்தார்.

அணு என்றால் என்ன என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். நான் மாரியம்மனுக்கு விளக்குப் போட்டுவிட்டு வந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். நடுவிலே ஒரு பொட்டுக் கரு, அதைச் சுற்றி ரொம்பத் தூரம் தள்ளி எலக்ட்ரான், இரண்டுக்கும் இடையில் ஒன்றுமே இல்லை, வெறும் இடம்தான் என்றாள். இந்த முறம், இந்த அரிசி, என் கை எல்லாமே அப்படித்தானாம்.

"அப்ப சாமி அந்த வெறும் இடத்துலதான் இருக்கு போல, மதினி" என்றேன். மனசார வந்த வார்த்தை.

"எல்லாத்துலயும் கொண்டாந்து சாமியைச் சொருகாதடி!" என்று கத்தினாள். முறம் கையிலிருந்து விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அரிசியைப் பொறுக்கிக்கொண்டே, "இருந்தாலும் இருக்கும். நான் கேட்டுப் பாக்கலை" என்றாள்.

உப்பைப் பற்றியும் அன்றைக்குத்தான் சொன்னாள். சோடியம் என்று ஒன்று, தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும். குளோரின் என்று ஒன்று, மூச்சை அடைத்துக் கொன்றுவிடும். ஒன்று ஒரு எலக்ட்ரானைக் கொடுக்க, இன்னொன்று வாங்கிக்கொள்ள, இரண்டும் ஒட்டிக்கொண்டு நம் ரசத்தில் கிடக்கிறது என்றாள். "எங்க வீட்டுக்காரரும் நானும் மாதிரி. தனித்தனியா விட்டா ஊரு தாங்காது." அந்தப் பேசாத மனுஷன் யாரை எரித்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆனால் குங்குமத்தில் எனக்கும் அவளுக்கும் பெரிய சண்டை. திருவிழாக் கடையில் வாங்கி அம்மன் காலடியில் வைத்து எடுத்துவந்த குங்குமம். ஒரு சிட்டிகையை எடுத்து டம்ளர் தண்ணீரில் போட்டாள். போட்ட உடனே தண்ணீர் முழுக்க ரோஸ் கலர். "மஞ்சள்ல செஞ்சிருந்தா தண்ணியில இப்படிக் கரையாது. இது துணிக்குப் போடுற சாயம். அதான் உன் நெத்தி இப்படிப் புண்ணாக் கிடக்கு" என்றாள். அம்மன் பிரசாதத்தைச் சாயம் என்று சொன்னவளோடு நான் ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாம் நாள் ஒரு சின்னக் கிண்ணத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து அவளே இழைத்த சிவப்பைக் கொண்டுவந்து வைத்தாள். "இதையும் உன் ஆத்தா காலடியில வச்சு எடுத்துக்க. அவ வேண்டாம்னா சொல்லப்போறா?" என்றாள். நெற்றிப் புண் ஆறிப்போனது. நான் அதை அம்மனின் கருணை என்றேன். அவள் கண்ணாடியைத் துடைத்தாள்.

இத்தனையும் எழுதுவது அவளைப் புகழ்வதற்கு இல்லை. அப்படிப்பட்டவளுக்கு நான் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்கு ஏழு வருஷம் ஆயிற்று.

மருந்துக்குப் போடுகிற சுண்ணாம்பு சுட்ட சிப்பியாக மூட்டையில் வரும். ஒவ்வொரு மூட்டையைப் பிரிக்கும்போதும் மதினி ஒரு பிடி எடுத்துச் சிரட்டையில் போட்டுத் தண்ணீர் விடுவாள். நல்ல சிப்பி என்றால் சீறும், வெடிக்கும், ஆவி பறக்கும், சிரட்டையைக் கையில் பிடிக்க முடியாது. "உசுரு இருக்கு" என்பாள். மூட்டையைப் பனியிலும் ஈரக்காற்றிலும் மாசக்கணக்காகப் போட்டுவைத்தால் கொதிக்காது. அது செத்த சுண்ணாம்பு. "சூளையில போட்டுச் சுட்டு எந்த வாயுவைத் தொரத்துனாங்களோ, அதையே காத்துலருந்து பிடிச்சுத் திரும்பவும் கட்டிக்கிருது. மறுபடியும் வெறும் சிப்பிக்கல்லு ஆயிருது. சுவத்துல அடிச்சா அது நல்லது, இறுகிப் பிடிக்கும். டிரம்முல போட்டா துரிசை அடக்காது."

அந்த வருஷம் வைகாசியில் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவும் மருந்தடிப்பும் ஒன்றாக வந்தன. கோயிலுக்கு வெள்ளையடிக்க வேண்டும். எங்கள் சூப்பர்வைசர்தான் கோயில் கமிட்டித் தலைவர். என் வீட்டுக்காரர் கமிட்டியில் ஒருத்தர். சிப்பிச் சுண்ணாம்பு அடித்தால் சுவர் பால் மாதிரி இருக்கும் என்று யாரோ சொல்ல, மருந்துக்கு வந்திருந்த புது மூட்டைகளை இரண்டு பேருமாகக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பதிலாக, ஒழுகுகிற கொட்டகையில் போன வருஷத்திலிருந்து கிடந்த மூட்டைகளைக் கொண்டுவந்து மருந்துக் கொட்டகையில் அடுக்கினார்கள். ஆத்தா காரியம்தானே, சுண்ணாம்புன்னா எல்லாம் சுண்ணாம்புதானே என்று பேசிக்கொண்டார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மன் வீடு வெளுக்கப்போகிறது.

அந்த நேரம் பார்த்து மதினியின் அம்மாவுக்குக் கம்பத்தில் கண் ஆபரேஷன். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு ஒரு வாரம் கீழே போனாள். போகும்போது என்னிடம், "நீ கலக்கிருவடி. அளவு தெரியும். எல்லாத்தையும் ஒருதடவை கேட்டுக்க" என்றாள். என்னை நம்பி விட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் மூட்டையைப் பிரித்தேன். சிப்பியே இல்லை, கட்டி தட்டிய மாவு. டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். சீறவில்லை. ஒரு குமிழிகூட இல்லை. டிரம்மைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்து கிடந்தது.

மருந்தடிக்கிற ஆட்கள் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். சூப்பர்வைசர், "என்ன, பூசையா பண்ணிட்டிருக்க? ஊத்து!" என்றார். நான் மாரியாத்தா என்று சொல்லிக்கொண்டு துரிசை ஊற்றினேன். கிண்டினேன். அரிவாள் பக்கத்திலேயே சாத்தியிருந்தது. நான் அதைத் தொடவில்லை. மறந்துபோய்த் தொடாமல் இருக்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடும் என்று தெரிந்துதான் கேட்காமல் விட்டேன். மறுநாளும் அப்படியே.

ஐந்தாறு நாளில் கீழ்க்காடு முழுக்கக் கருகியது. ஏலச்செடியில் காய்க்கிற சரம் தரையோடு ஓடும். அந்தச் சரமெல்லாம் தீப்பட்ட மாதிரி சுருண்டு, பூ உதிர்ந்து கிடந்தது. இலையில் பழுப்புப் பொட்டு. அந்த வருஷத்துக் காய் போயிற்று. மேனேஜர் ஜீப்பிலிருந்து இறங்கிப் பார்த்துவிட்டு, "இது ஆரு செய்தது?" என்று கேட்டார். சூப்பர்வைசர் மூச்சுவிடாமல் சொன்னார், "மருந்து கலக்குற அம்மா சார். அளவைத் தப்புந்தவறுமாச் சொல்லிக்குடுத்துட்டு ஊருக்குப் போயிருச்சு."

மதினி திரும்பிவந்து கொட்டகையில் மூட்டையைப் பார்த்தாள். கோயில் சுவரையும் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் என் அடுப்படிக்கு வந்தாள்.

"தண்ணி ஊத்துனப்ப கொதிச்சுதாடி?"

"இல்லை மதினி."

"அரிவாள்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். வெளுத்து வாங்கப் போகிறாள் என்று நின்றேன். வாங்கவில்லை. "நாளைக்குக் காலையில மஸ்டர்ல மேனேஜர் கேப்பாரு. நான் உன்னையக் கேப்பேன். கொதிச்சுதா, இல்லையா. அதை மட்டும் சொல்லு போதும். கோயில் பேச்சை நான் எடுக்கமாட்டேன். உன் புருசன் பேரும் என் வாயில வராது. புது மூட்டை எங்க போச்சுன்னு அவங்களே தேடிக்கிறட்டும்" என்றாள்.

"சொல்றேன் மதினி. அம்மன் சத்தியம்" என்றேன்.

சத்தியம் என்று நானாகத்தான் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

அவள் போன கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் வந்தார். கையில் கோயில் பிரசாதம். என் வீட்டுக்காரர் அவருக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

"தங்கச்சி, ஆத்தா காரியத்துக்குப் போன பொருளு அது. அதைத் திருட்டுன்னு பேச வச்சிராத. அந்தம்மாவுக்குப் படிப்பிருக்கு, எங்க போனாலும் பொழச்சுக்கிரும். உனக்கு என்ன இருக்கு? இந்த ரூமும் இந்தச் சோலியும்தான். அதையும் விட்டுட்டு எங்கிட்டுப் போவீங்க?"

பிரசாதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இன்றைக்கு அதை நினைத்தால் என் கையை நானே வெட்டிப்போடலாம் போல இருக்கிறது.

காலையில் மஸ்டர். ஆபீஸ் வாசலில் வேலையாட்கள் வரிசையாக நிற்க, பேர் கூப்பிடுகிற நேரம். மதினி ஒரு சிரட்டை, ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தாள். கொட்டகை மூட்டையிலிருந்து எடுத்த மாவைச் சிரட்டையில் போட்டு அதன்மேல் பழத்தைப் பிழிந்தாள். புசுபுசுவென்று நுரைத்து வழிந்தது.

"எந்தா சேச்சி, மேஜிக்கா?" என்று மேனேஜர் சிரித்தார்.

"மேஜிக் இல்லை சார். நல்ல சுண்ணாம்பு பழத்துக்கு இப்படி நுரைக்காது. இது செத்துப்போய்க் கல்லா மாறுன சுண்ணாம்பு. அதுக்குள்ள இருக்கிற வாயுதான் நுரையா வருது. இதைத்தான் கலக்கியிருக்காங்க. துரிசு அடங்கலை, செடி வெந்துபோச்சு."

மேனேஜருக்குச் சிரிப்பு போய்விட்டது. சூப்பர்வைசரைப் பார்த்தார். "சார், வந்தது புது லோடு. இந்தம்மா திறந்துபோட்டுட்டுப் போனதுல ஈரம் இறங்கியிருக்கும்" என்றார் அவர்.

"ஒரு வாரத்துல சாகாது சார். மாசக்கணக்கு ஆகும். நல்ல சிப்பியை இப்பத் திறந்து வச்சு நீங்களே பாருங்க." மதினி என் பக்கம் திரும்பினாள். "கலக்குனவ இந்தா நிக்கிறா. ஏத்தா, நீ சொல்லு. தண்ணி ஊத்துனப்ப கொதிச்சுதா?"

எழுபது எண்பது பேர் நின்றார்கள். என் வீட்டுக்காரர் மூன்றாவது வரிசையில் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொதிச்சுது" என்றேன்.

அவ்வளவுதான். சுண்ணாம்பு நன்றாகத்தான் இருந்திருக்கிறது, இவள் சொன்ன அளவுதான் தப்பு, இப்போது வித்தை காட்டித் தப்பிக்கப் பார்க்கிறாள் என்று ஆகிவிட்டது. மேனேஜர் மலையாளத்தில் என்னென்னவோ கத்தி, இனி வேலையும் இல்லை, வீடும் இல்லை என்றார். மதினி கண்ணாடியைக் கழற்றவில்லை. சிரட்டையைக் கவிழ்த்து, தட்டிவிட்டு, பையில் போட்டுக்கொண்டு போனாள். இரண்டே நாளில் அண்ணனும் அவளும் சாமானை ஜீப்பில் ஏற்றினார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கட்டிலைப் பிரிக்கிற சத்தம் கேட்டது.

அவளுடைய வேலையை எனக்கே கொடுத்தார்கள். ஆமாம், நான்தான் வாங்கிக்கொண்டேன். ஏழு வருஷம் அந்த டிரம்மின் முன்னால் நின்றேன். பிறகு ஒருநாள்கூட நான் கேட்காமல் கலக்கியது இல்லை. அதனால் யாருக்கு என்ன புண்ணியம்?

எனக்குச் சூப்பர்வைசர் மேல் கோபம். பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாரே, அந்தக் கையின் மேல் கோபம். ஒரு சிரட்டையும் ஒரு பழமும் அத்தனை தெளிவாகச் சொன்ன பிறகும், எட்டாம் வகுப்புக்காரி ஒருத்தி வாயில் வந்த ஒரு சொல்லை நம்பினாரே, அந்த மேனேஜர் மேல் கோபம். "அவ திமிருக்கு ஆத்தா குடுத்த கூலி" என்று லயத்தில் பேசினவர்கள் எல்லார் மேலும் கோபம். என் மேல் இருக்கிற கோபத்தை எழுத எனக்குப் படிப்புப் போதாது.

போன மாதம், கீழேயிருந்து தினமும் ஜீப்பில் வேலைக்கு வருகிற பெண்களில் ஒருத்தி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். மதினி கம்பம் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறாளாம். அங்கேயும் திராட்சைக்குத் துரிசும் சுண்ணாம்பும்தான் அடிக்கிறார்கள். "அந்தக் கண்ணாடிக்கார அக்காவை மட்டும் மருந்துப் பக்கம் விடமாட்டாங்க. மலையில ஒரு தோட்டத்தையே எரிச்சவளாம்ல?"

நான் சொன்ன ஒரு சொல் மலையிறங்கிப் போய் ஏழு வருஷமாக அவள் முன்னால் நின்றுகொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறினேன். மதினி பந்தலுக்குக் கீழே குனிந்து குலை வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. கத்தரிக்கோலும் நிற்கவில்லை.

"மதினி, நான் தப்புப் பண்ணிட்டேன்."

"தெரியும்."

"தினமும் அம்மன்கிட்டச் சொல்லி அழுறேன் மதினி."

"ஆத்தா என்ன சொன்னா?"

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன்.

"அவகிட்டச் சொல்லி என்னடி ஆகப்போகுது? அவளுக்குத் தெரியாதா? எங்கிட்டச் சொல்லித்தான் என்ன? எனக்குத் தெரியாதா? தெரிஞ்சவுக ரெண்டு பேருகிட்ட வந்து அழுதுட்டு, மனசு லேசாயிருச்சுன்னு பஸ் ஏறலாம்னு பாக்கிறியா?" குலையைக் கூடையில் வைத்தாள். வீசவில்லை, மெதுவாக வைத்தாள், அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "மஸ்டர்லதானே சொன்ன. அங்க போய்ச் சொல்லு. போ."

தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. சரிதான்.

மறுநாள் திங்கட்கிழமை மஸ்டரில் என் பேரைக் கூப்பிட்டார்கள். இப்போது வேறு மேனேஜர், சின்ன வயசு. நான் வரிசையை விட்டு முன்னால் வந்தேன். "சார், ஏழு வருசத்துக்கு முன்னால கீழ்க்காடு எரிஞ்சதே, அன்னிக்குச் சுண்ணாம்பு கொதிக்கலை. கலக்குனது நான். கொதிச்சுதுன்னு இதே எடத்துல பொய் சொன்னேன். புது மூட்டையைக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. தூக்குனதுல ஒருத்தர் என் புருசன். இன்னொருத்தர் இந்தா நிக்கிறாரு."

"இவளுக்கு என்னமோ ஆயிருச்சு சார்" என்றார் சூப்பர்வைசர்.

"அது பழைய கேஸ் அல்லே சேச்சி? இப்ப எதுக்கு?" என்றார் மேனேஜர்.

"சோலி போனவளுக்கு அது பழசு இல்லை சார்" என்றேன். என் குரலா அது என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாளிலிருந்து மருந்து டிரம் பக்கம் போக வேண்டாம், களைவெட்டப் போ என்றார்கள். போகிறேன். என் வீட்டுக்காரர் என்னோடு பேசுவதில்லை. கோயில் கமிட்டி என் மாவிளக்கை உள்ளே எடுக்கமாட்டோம் என்றது. வெளியே மரத்தடியில் வைத்து ஏற்றினேன். அம்மனுக்கு எட்டாத தூரமா அது? அவள் பேரைச் சொல்லித்தானே இத்தனையும் செய்தார்கள், அவளுக்கும் கோபம் இருக்காதா?

மதினியிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. வராது. மன்னிக்கச் சொல்லி அவளையும் கேட்கவில்லை, அம்மனையும் கேட்கவில்லை. மஸ்டரில் சொன்னது மஸ்டரோடு நின்றுபோனால் அந்தத் திராட்சைத் தோட்டத்துக்காரன் காதுக்கு எப்படிப் போகும்? அதனால் காலையில் களைக்குப் போகிறதற்கு முன்னால், கீழேயிருந்து வருகிற ஜீப்புகள் நிற்கிற இடத்தில் போய் நிற்கிறேன். பெண்கள் இறங்க இறங்க ஒவ்வொருத்தியாக நிறுத்திச் சொல்லுகிறேன். "கண்ணாடி போட்ட அந்த அக்கா தோட்டத்தை எரிக்கலை. நான்தான் எரிச்சேன். கீழே போனதும் நாலு பேருகிட்டச் சொல்லுங்க." சிலர் உச்சுக் கொட்டுகிறார்கள். சிலர், காலங்காத்தால இவ ஒருத்தி என்று சிரித்துக்கொண்டு போகிறார்கள். சிரிக்கட்டும்.

இன்று காலை மூன்று ஜீப்புக்குச் சொல்லியாயிற்று. நாலாவது ஜீப் நிற்காமல் போய்விட்டது. அதை நாளைக்குப் பிடிக்க வேண்டும்.